இயற்கை விளைபொருள் வணிகமும் ஊர்ப் பங்கும்

கோலார் தங்கவயலுக்கு நீர் வழங்கிய ஊர் பேத்தமங்களா. பாலாற்று நீரைத் தேக்கும் அவ்வூர் ஏரியிலிருந்து சுரங்கங்களுக்கும், வட ஆர்க்காட்டிலிருந்து சென்று குடியேறிய தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களுக்கும் தண்ணீர் சென்றது. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஊரின் வளத்தைக் கொண்டு நடைபெறும் தொழில், ஊருக்கு எதைத் திருப்பித் தருகிறது என்னும் வினா இவ்வட்டாரத்திற்குப் புதியதன்று.

வற்றாத ஆறு எதுவும் இல்லாத கோலார் மாவட்டத்தில் ராகியும் காய்கறியும் பட்டுப்புழு வளர்ப்புமே பிழைப்பாதாரம். இத்தகைய பகுதிகளில் இரசாயன உரமின்றி விளைந்த பொருளை வாங்கி விற்கும் வணிகம், ஏனைய வணிகத்தைவிட ஊரை மிகுதியும் சார்ந்தது. ஏரி வண்டல், மேய்ச்சல் நிலம், கால்நடை எரு, வீட்டில் காத்து வைத்த விதை ஆகிய யாவும் அதன் மூலதனமே. ஆனால் அவை எக்கணக்கேட்டிலும் ஏறுவதில்லை. ஆண்டுக்கொருமுறை பள்ளிக்கு நோட்டுப் புத்தகமும் திருவிழாவில் அன்னதானமும் வழங்கி நிறைவடையும் நிறுவனங்கள் உண்டு. அவை வேண்டாதவை அல்ல. எனினும் எதைக் கொடுப்பது, யாருக்குக் கொடுப்பது என்பதைக் கொடுப்பவரே முடிவு செய்யும் ஏற்பாடு அது.

சட்டம் இதில் ஓரளவே துணை செய்கிறது. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, ரூ.500 கோடி நிகர மதிப்போ, ரூ.1,000 கோடி விற்பனையோ, ரூ.5 கோடி நிகர இலாபமோ உடைய நிறுவனங்களையே கட்டுப்படுத்தும். அவை முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். இயற்கை விளைபொருள் வணிகங்களுள் பெரும்பாலானவை இவ்வரம்பை எட்டுவதில்லை.

நீலகிரியில் வேறொரு முறையைக் காணலாம். யுனைடெட் நீலகிரி தேயிலைத் தோட்ட நிறுவனத்தின் கோரகுந்தா தோட்டத்தில் இயற்கை முறைத் தேயிலை விளைகிறது. நியாய வணிக ஏற்பாட்டின்கீழ் வாங்குவோர், தேயிலை விலைக்கு மேல் ஒரு கூடுதல் தொகை செலுத்துகின்றனர். இத்தொகை நிறுவனத்தின் இலாபத்தில் சேர்வதில்லை. தனிக் கணக்கில் வைக்கப்படுகிறது. அதன் செலவைத் தொழிலாளர் தேர்ந்தெடுத்த குழு முடிவு செய்ய வேண்டும் என்பது விதி. இந்நிறுவனத்தின் தோட்டங்களில் இத்தொகையைக் கொண்டு மேற்கொண்ட பணிகளுள் ஓய்வு பெற்ற தொழிலாளர்க்கு ஓய்வூதியம் அளித்தது குறிப்பிடத்தக்கது. முதுமையில் கொழுந்து பறிக்க இயலாதவருக்கு மாதந்தோறும் கைக்கு வரும் சிறு தொகையின் அருமையைத் தொழிலாளரே நன்கறிவர். வெளியிலிருந்து வரும் கொடையாளர் பெரும்பாலும் கட்டடத்தையே நினைப்பார். இம்முறையிலும் ஒரு குறை உண்டு. நியாய வணிக நிபந்தனையில் விற்ற அளவுக்கே கூடுதல் தொகை கிடைக்கும். சந்தை சுருங்கினால் நிதியும் சுருங்கும்.

கோலாருக்கு இன்னும் நெருக்கமான சூழல் ஆந்திரத்தின் பழைய அனந்தபுரம் மாவட்டத்தில் உள்ளது. அவ்வறண்ட நிலத்தில் 1990இல் தொடங்கிய திம்பக்டு கூட்டமைப்பின் முயற்சியால், 2008இல் தரணி என்னும் கூட்டுறவு அமைப்பு உருவாயிற்று. சிறுதானியமும் நிலக்கடலையும் விளைவிக்கும் உழவரே இதன் உறுப்பினர், உரிமையாளர். இங்கு ஊருக்குச் சேரும் முதற்பங்கு, விளைபொருளுக்குக் கிடைக்கும் நல்ல விலையே ஆகும். உழவருக்குக் குறைந்த விலை தந்து, மிச்சத்தில் அறம் செய்யும் வணிகத்தை இதனோடு ஒப்பிட்டுப் பார்த்தல் தகும்.

பேத்தமங்களா போன்ற ஊர்களில் பத்து உழவர் சேர்ந்தாலும் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றைப் பதிவு செய்யலாம். இதற்கான விதிகள் 2002ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் வந்தவை. 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெற்றன. முந்தைய ஆண்டு நிகர இலாபத்தில் 3 விழுக்காடு வரை உறுப்பினர் நலனுக்கோ பொதுமக்கள் நலனுக்கோ நன்கொடை வழங்க அவை இடமளிக்கின்றன. அரசியல் கட்சிகளுக்கு வழங்க இடமில்லை. ரூ.10 லட்சம் இலாபம் ஈட்டிய நிறுவனம் ரூ.30,000 வரை தரலாம். சிறு தொகைதான், ஏரிக் கால்வாய் ஒன்றைத் தூர்வாரவோ பொது விதைச் சேமிப்பைத் தொடங்கவோ அது உதவக்கூடும். இதற்குச் சிறப்புத் தீர்மானம் தேவை. ஆதரவு வாக்குகள் எதிர் வாக்குகளின் மும்மடங்கிற்குக் குறையாதிருத்தல் வேண்டும். ஆதலின் கால்வாயா, விதையா என்பதை உழவர் கூடிப் பேசியே முடிவு செய்தாக வேண்டும்.