தொலைவிலிருந்து நீரிறைக்கும் யந்திரத்தை இயக்குதல்

வன்னிப் பெருநிலப் பகுதியின் நெல், மரக்கறிச் செய்கையாளருக்கு

கம்பியில்லாமற் செய்தி அனுப்பும் முறை ஒரு காலத்திற் கப்பல்களுக்கும் பொலிஸ் நிலையங்களுக்குமே உரியதாயிருந்தது. இன்று அது கமத்துக்கும் வந்துவிட்டது. வீட்டுத் திண்ணையில் இருந்தவாறே கைத்தொலைபேசியில் ஓர் இலக்கத்தை அழுத்தினால், அரை மைலுக்கப்பால் உள்ள கிணற்றில் மோட்டர் ஓடத் தொடங்குகின்றது. இக்கருவியை விற்கும் முகவர் உங்களிடமும் வரக்கூடும். அதை வாங்குமாறு தூண்டுவதோ வாங்காமற் தடுப்பதோ இத்துண்டுப்பிரசுரத்தின் நோக்கமன்று. வாங்குவோர் அதை எவ்வாறு அமைத்தல் வேண்டும் என்பதையே இங்கு கூறுவோம். அமைப்பிற் தவறு நேர்ந்தால் மோட்டர் எரியும். சில வேளைகளில் ஆளின் உயிரும் போகும்.

தமிழ்நாட்டில் இவ்வழக்கம் ஏன் பரவியதென அறிதல் நன்று. அங்கு கிணற்று மோட்டர்களுக்குரிய மூன்று பேஸ் மின்சாரம் பல இடங்களிற் குறித்த மணி நேரங்களில் மாத்திரமே கிடைத்தமையால், கமக்காரர் நள்ளிரவில் எழுந்து தோட்டத்துக்கு நடக்க வேண்டியிருந்தது. இருளிற் பாம்பு கடித்து இறந்தோரும் உளர். இந்த நடையை ஒழிப்பதற்கே கைத்தொலைபேசியால் இயங்கும் ஸ்டார்ட்டர் முதலில் வேண்டப்பட்டது. பூனே நகரில் உருவான 'நானோ கணேஷ்' என்னும் கருவி, 2009ஆம் ஆண்டில் நோக்கியா நிறுவனம் நடாத்திய போட்டியிற் பரிசு பெற்றது. தமிழ்நாட்டு வேளாண்மைப் பொறியியற் துறையும் இவ்வகைக் கருவிகளுக்கு மானியம் வழங்கியுள்ளது.

நமது நிலைமை சற்று வேறு. இங்கு நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் போன்ற காட்டோரக் கமங்களில் இரவு நடையின் அச்சம் பாம்பு மட்டுமன்று, யானையுந்தான். எனவே தேவை உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் இக்கருவி மின்மோட்டருக்கே பொருந்தும். மண்ணெண்ணெய் யந்திரம் வைத்திருப்போர் இதற்காகப் பணம் செலவிடற்க.

செய்தி தவறும் என்பதை முதலில் ஏற்றுக்கொள்க

கம்பி வழியே செல்லும் மின்சாரத்துக்கும் காற்று வழியே செல்லும் செய்திக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. கம்பி அறுந்தால் அறுந்த இடத்தைக் கண்ணாற் காணலாம். காற்றிற் போன செய்தி சேர்ந்ததா இல்லையா என்பதை, மறுமுனையிலிருந்து விடை வந்தாலன்றி அறிய இயலாது. 1971ஆம் ஆண்டில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தார் தீவுகளில் இருந்த நிலையங்களை வானொலி அலையாற் கணினியுடன் இணைத்தபோது இத்தொல்லையையே முதலிற் தீர்க்க வேண்டியிருந்தது. இரு நிலையங்கள் ஒரே நேரத்திற் பேசினால் இரண்டின் பேச்சும் குழம்பிப்போகும். ஆகவே அவர்கள் ஓர் ஒழுங்கு செய்தனர். அனுப்பியவன் விடைக்குக் காத்திருப்பான். விடை வராவிடில், ஒவ்வொருவரும் வெவ்வேறளவு நேரம் பொறுத்து மீண்டும் அனுப்புவர். இன்றைய கம்பியில்லாக் கருவிகள் பலவற்றில் இவ்வொழுங்கே சிற்சில மாற்றங்களுடன் இருந்து வருகின்றது.

பெருந் தொழிற்சாலைகளிலும் இவ்வாறே. அங்குள்ள அழுத்தமானி, வெப்பமானி முதலியவற்றைக் கம்பியின்றி இணைப்பதற்கென 'வயர்லெஸ் ஹார்ட்' என்னும் முறை 2007இல் வெளியிடப்பட்டு, 2010இற் சர்வதேசத் தரமாயிற்று. அதில் ஒவ்வொரு கருவியும் அடுத்த கருவியின் செய்தியையும் வாங்கிக் கைமாற்றும். ஒரு வழி அடைபட்டால் செய்தி மறுவழியாற் செல்லும். இவ்வளவு பாதுகாப்பு இருந்தும், தொழிற்சாலையினர் இதனைப் பெரும்பாலும் அளவுகளை அறிவதற்கே பயன்படுத்துகின்றனர். ஆபத்து வேளையில் யந்திரத்தை நிறுத்தும் பொறியை யந்திரத்தின் அருகிலேயே வைப்பது அவர்களின் பழைய வழக்கம். கிணற்றடிக்கும் அதுவே தகும். ஓட்டுங் கட்டளை தொலைவிலிருந்து வரலாம். நிறுத்தும் காவல் கிணற்றடியிலேயே இருத்தல் வேண்டும்.

கிணற்றடிக் காவல்

ஆவணி, புரட்டாதி மாதங்களில் நமது கிணறுகள் பலவற்றில் ஊற்று மெலிந்து, இரண்டு மணி நேர இறைப்புக்கே நீர் அடியைத் தொடும். நேரில் நிற்பவர் குழாயில் நீர் குறையும் ஓசையைக் கேட்டு ஆளியை அணைத்துவிடுவார். வீட்டில் இருப்பவருக்கு அவ்வோசை கேளாது. நீரின்றி ஓடும் பம்பியின் அடைப்பான் வெந்து கருகச் சில நிமிடங்களே போதும்.

இதற்குச் சிறந்த காவல் கிணற்றினுள் தொங்கவிடப்படும் மூன்று துருப்பிடியா உருக்குக் கம்பிகள். முதலாவது கம்பி எப்பொழுதும் நீரில் அமிழ்ந்திருக்கும்படி அடிவரை செல்லல் வேண்டும். இரண்டாவது, உறிஞ்சு குழாயின் அடி வால்வுக்கு ஒன்றரை அடி மேலே நிற்றல் வேண்டும். நீர் இதை விட்டிறங்கியவுடன் மோட்டர் நிற்கும். மூன்றாவது, அதற்குப் பல அடி மேலே. ஊற்றுச் சுரந்து நீர் இதைத் தொடும்வரை, நீங்கள் எத்தனை முறை கட்டளையிட்டாலும் மோட்டர் ஓடாது. இந்த மூன்றாவது கம்பியை வீண் செலவெனச் சிலர் விட்டுவிடுகின்றனர். அது இல்லாவிடில், ஓரங்குல நீர் ஊறியவுடன் மோட்டர் ஓடுவதும் உடனே நிற்பதுமாக ஒரு மணி நேரத்திற் பலமுறை திணறும். நமது கிணற்று நீரிற் சுண்ணாம்பு மிகுதி. படிவு மூடிய கம்பி நீரை உணராது. மாதமொருமுறை அரத்தாளாற் தேய்த்துவிடுக.

அடுத்த காவல் மணிக்கூடு. ஒரு கட்டளைக்கு மோட்டர் இத்தனை நிமிடம் மாத்திரமே ஓடும் எனக் கருவியிலேயே அமைத்தல் வேண்டும். கைத்தொலைபேசியில் அமைத்தல் போதாது. அலை இல்லாதபோது அங்கிருந்து 'நிறுத்து' என்னும் கட்டளை போய்ச் சேராது. நிமிடக் கணக்கை ஊகத்தால் எழுதாமல் அளந்து காண்க. 200 லீற்றர்ப் பீப்பா ஒன்றைக் குழாயின் வாயிற் பிடித்து, அது 40 வினாடியில் நிறைந்தால் உங்கள் பம்பி நிமிடத்துக்கு 300 லீற்றர் தருகின்றது. கால் ஏக்கர், அதாவது நான்கு பரப்பு, மிளகாய்த் தோட்டத்தில் ஓரங்குல உயரம் நீர் பாய்வதற்கு ஏறத்தாழ 25,700 லீற்றர் வேண்டும். ஆகவே 86 நிமிடம். வாய்க்காலிற் கசிவு இருந்தால் அதற்கும் சிறிது சேர்க்கலாம். ஆனால் கிணறு அவ்வளவு நேரம் ஈடுகொடுக்காதெனில் இரு தவணையாகப் பிரித்துவிடுதலே முறை.

பிந்தி வருங் கட்டளை

குறுஞ்செய்தியால் இயங்குங் கருவியில் ஒரு மறைவான தீங்கு உண்டு. குறுஞ்செய்தி நேரே கருவிக்குச் செல்வதன்று. தொலைபேசி நிறுவனத்தின் நிலையத்திற் தங்கி, கருவிக்கு அலை கிடைக்கும்போது போய்ச் சேர்வது. மாலை ஆறு மணிக்கு நீங்கள் 'ஓட்டு' என அனுப்புகின்றீர்கள், கிணற்றடியில் அலை இல்லை, விடையும் இல்லை. நீங்கள் நேரிற் சென்று இறைத்துவிட்டு உறங்கிய பின், நள்ளிரவில் அலை திரும்பவும் அந்தப் பழைய கட்டளை வந்து மோட்டரை ஓட்டும். எனவே நேரம் கடந்த கட்டளையைத் தள்ளிவிடுங் கருவியையே தெரிந்தெடுக்க. அழைப்பெடுத்து இலக்கத்தை அழுத்தும் முறையில் இத்தொல்லை இல்லை. அலை இருந்தாற் கட்டளை அப்பொழுதே சேரும், இல்லாவிடிற் சேராது.

வரும் விடையையும் ஆராய்தல் வேண்டும். 'மோட்டர் ஓடுகின்றது' என்னும் விடை, கட்டளை வந்து சேர்ந்தது என்பதை மாத்திரம் காட்டுமாயின் அதனாற் பயன் சொற்பம். மோட்டர் இழுக்கும் மின்னோட்டத்தை அளந்தோ, குழாயில் அழுத்தம் ஏறியதைக் கண்டோ விடை தருங் கருவியே நம்பத் தக்கது. சிம் அட்டையிற் பணம் தீர்ந்தால் விடைச் செய்தி வராது. கட்டளை மட்டும் போய்ச் சேரும். இது வீட்டிற் பிள்ளைகளின் பொறுப்பில் விடக்கூடிய காரியமன்று.

கையை வைக்குமுன்

இப்பகுதியை மறவாது வாசிக்குமாறு வேண்டுகின்றோம். முன்னர் மோட்டர் ஓடுவதற்கு ஓர் ஆள் கிணற்றடியில் நின்று ஆளியை அழுத்த வேண்டும். ஆகையாற் பழுது பார்ப்பவரும் ஆளியை அழுத்துபவரும் ஒருவரையொருவர் கண்டனர். இனி அவ்வாறன்று. தந்தை பம்பியின் பட்டியை மாற்றிக்கொண்டிருக்கையில், மகன் நகரத்திலிருந்து மோட்டரை ஓட்டலாம். அது அவன் குற்றமாகாது. கிணற்றடி அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. இது போலவே, தடைப்பட்ட மின்சாரம் மீண்டதுந் தானே ஓடும்படி 'ஓட்டோ' நிலையில் வைத்த கருவியும் எவரையும் கேளாது ஓடத் தொடங்கும்.

ஆகவே, கருவிக்கு முன்னாற் கையால் இழுக்கும் துண்டிப்பு ஆளி ஒன்று கட்டாயம் இருத்தல் வேண்டும். மோட்டரையோ பம்பியையோ கிணற்றுக் குழாயையோ தொடுமுன் அதை இழுத்து, பூட்டி, திறப்பை மடியில் வைத்துக்கொள்க. 'தொலைபேசியில் அணைத்துவிட்டேன்' என்பது அணைத்தல் ஆகாது. மோட்டருக்கு நிலத் தொடுப்பும், மின்னொழுக்கு நேர்ந்தால் தானே விழும் 'ட்ரிப்' ஆளியும் உள்ளனவா எனத் தகுதி பெற்ற மின்வினைஞரைக் கொண்டு பார்ப்பிக்க. கருவியுடன் வரும் இரகசிய இலக்கம் பெரும்பாலும் 1234 போன்றதாயிருக்கும். அன்றே மாற்றி, குடும்பத்தாரின் தொலைபேசி இலக்கங்களுக்கு மாத்திரம் அது பணியுமாறு செய்க.

தொலைபேசி அலை எட்டாத கமங்கள்

காட்டோரக் கமங்கள் சிலவற்றில் தொலைபேசி அலை நிலையாயிராது. அங்கு வீட்டிலொன்றும் கிணற்றிலொன்றுமாக இரு வானொலிப் பெட்டிகளை வைத்துத் தாமே பேசச் செய்யலாம். 'லோரா' என வழங்கும் முறை இதற்கு ஏற்றது. சிறிய மின்கலத்தில் நெடுநாள் இயங்கும். வீடுகளிலுள்ள வைபை இதற்கு உதவாது. அதன் அலை நீளம் 12½ சதமமீற்றர். நீர் நிறைந்த இலைகள் அதை விழுங்கிவிடும்.

எம்முறையாயினும் அன்ரனாவின் உயரமே பெரிது. வானொலி அலை நூல் பிடித்தாற்போற் செல்வதில்லை. இரு முனையும் ஒடுங்கி நடுவிற் பருத்த கதிர்க்கோல் போற் செல்கின்றது. 900 மெகாஹேர்ட்ஸ் அளவான அலை 500 மீற்றர் தூரம் செல்கையில், நடுவழியில் நேர்க்கோட்டைச் சுற்றி ஏறத்தாழ 13 அடிக்கு இடையூறின்றி இருப்பது நல்லது. இடையிலே பத்தடி வாழை நின்றால் இரு அன்ரனாக்களும் 23 அடி உயரத்தில் நிற்றல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும். வெறும் நிலத்தில் சோதித்துக் காட்டிவிட்டுப் பணம் பெற்றுச் செல்லும் முகவரிடம், வாழை குலை தள்ளும் காலத்திலும் ஒருமுறை வந்து காட்டுமாறு எழுதி வாங்குக. உயர்ந்த கம்பம் இடியை வரவேற்கும் என்பதும் நினைவிருக்கட்டும். சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி முழங்கும் பிற்பகல்களில் அன்ரனாக் கம்பியைக் கழற்றிவிடுதலே பாதுகாப்பு. கம்பத்துக்கு நிலத் தொடுப்பும் வேண்டும்.

நெல் வயலைப் பற்றி ஒரு வார்த்தை. வயல் நீர்மட்டத்தைக் கம்பியின்றி அறிவிக்குங் கருவிகளும் உள. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் கூறும் முறைப்படி, துளையிட்ட குழாயொன்றை வயலிற் பதித்து, நீர் மண்ணின் மேற்பரப்புக்கு 15 சதமமீற்றர் கீழிறங்கியதும் பாய்ச்சினால் நீர் மிச்சமாகும். பூக்குங் காலத்தில் மாத்திரம் வயலில் நீர் நிற்க விடுதல் வேண்டும். வீட்டோடு சேர்ந்த இரண்டு ஏக்கருக்கு அக்குழாயும் ஒரு அடிமட்டமும் போதும். காலையில் வரம்பிற் நடக்கும் கமக்காரர், வானொலிப் பெட்டி அறியாத பூச்சியையும் கண்டுகொள்வார்.

குளத்தின் காரியம் வேறு. 2018 டிசம்பரிற் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களிற் பெய்த பெருமழையில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு வெள்ளம் பரந்ததைப் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். கனகராயன் ஆற்றின் மேற்பகுதியிற் பெய்யும் மழையின் அளவும் குளத்து நீர்மட்டமும் சில மணி நேரம் முந்தித் தெரிந்தால், கீழேயுள்ளோர் நெல் மூடையையும் மாட்டையும் மேட்டுக்கு ஏற்றலாம். கம்பியில்லாச் செய்தி தன் விலையை ஈடு செய்யும் இடம் இதுவே என்பது எமது எண்ணம். அங்கும் அளவுக் கற்றூணைப் பார்ப்பவர் இருந்தே தீரல் வேண்டும். புயலில் முதலில் வீழ்வது பெரும்பாலும் மின்சாரமும் தொலைபேசிக் கோபுரமுமே.

வாங்குமிடத்து

இந்தியாவில் வாங்கிய வானொலிப் பெட்டியை இங்கு கொணர்ந்து பொருத்துமுன் விசாரிக்க. அங்கு அனுமதியின்றிப் பயன்படுத்தக்கூடிய அலைவரிசை 865 முதல் 868 மெகாஹேர்ட்ஸ் வரை; ஐரோப்பாவில் 868; அமெரிக்காவில் 902 முதல் 928. ஒரு நாட்டில் ஒத்துக்கொண்டது மறுநாட்டில் ஒத்துக்கொள்ளப்பட்டதாகாது. இங்கு இதற்குப் பொறுப்பானது 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டமும் அதன்கீழுள்ள தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும். சிம் அட்டைக் கருவியாயின், அது எந்தத் தலைமுறை அலையில் இயங்குவது எனக் கேட்க. சிங்கப்பூரில் 2017 ஏப்ரலில் இரண்டாந் தலைமுறைச் சேவை நிறுத்தப்பட்டபோது, அதை மட்டும் அறிந்த கருவிகள் பயனற்றுப் போயின. நான்காந் தலைமுறையிலும் இயங்கும் கருவி விலை கூடினும் அதுவே ஏற்றது.

விற்பனையாளர் தரும் விபரத் தாள் ஆங்கிலத்தில் மாத்திரம் இருக்குமாயின், பணம் கொடுக்குமுன் அதனை உங்கள் கமநல சேவை நிலையத்துக்குக் கொண்டு வருக. போதனாசிரியர் வாசித்து விளக்குவார்.