நிறம் போனால் நீர் சுத்தமாகுமா?

எங்கள் வீட்டு விறாந்தையில் உம்மா பத்திக் துணிகளுக்குச் சாயம் போடுவார். எனதும் தங்கையினதும் ரியூசன் கட்டணம் அந்த உழைப்பில்தான் செல்கிறது. வேலை முடிந்ததும் எஞ்சிய சாய நீர் கானுக்குள் போகும். கான் பிங்கா ஓயாவில் சேரும். பிங்கா ஓயா கட்டுகஸ்தோட்டையில் மகாவலியில் கலக்கும். மகாவலி நீரைச் சுத்திகரித்துத்தான் நம் பகுதிக் குழாய்களிலும் தருகிறார்கள்.

"இந்தத் தண்ணிய என்ன செய்யலாம் மகள்? நீ சயன்ஸ் படிக்கிறதுதானே" என்று உம்மா ஒருநாள் கேட்டார். அந்தக் கேள்வியின் விடையைத் தேடியதே இக்கட்டுரை.

வெள்ளைப் பெயின்டில் கலக்கும் தைத்தேனியம் ஈரொட்சைட்டு ஒரு குறைகடத்தி. 1972இல் ஜப்பானிய விஞ்ஞானிகளான புஜிஷிமாவும் ஹொண்டாவும், ஒளிபடும் இப்பொருளைக் கொண்டு நீரை ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரிக்கலாம் எனக் காட்டினர். அதன்மீது கழியூதா ஒளி படும்போது ஓர் இலத்திரன் உயர்சக்தி நிலைக்குத் தாவும்; அது இருந்த இடத்தில் நேரேற்றமுள்ள ஒரு துளை உண்டாகும். துளை நீரைத் தாக்கி ஐதரொட்சில் மூலிகத்தை உருவாக்கும். தாவிய இலத்திரனை நீரில் கரைந்துள்ள ஒட்சிசன் பற்றிக்கொள்ளும். மூலிகம் சாய மூலக்கூறைத் துண்டு துண்டாக உடைக்கும். போதிய நேரம் கிடைத்தால் பெரும்பகுதி காபனீரொட்சைட்டாகவும் நீராகவும் மாறிவிடும். தூள் செலவாவதில்லை; ஆகவேதான் அதனை ஊக்கி என்கிறோம். நாக ஒட்சைட்டும் இவ்வாறே தொழிற்படும். ஆனால் அது அமில நீரில் கரைந்துவிடும்.

ஆசிரியையின் உதவியுடன் ஆய்வுகூடத்தில் இதனைச் செய்து பார்த்தோம். மூன்று போத்தல்களில் ஐதான மெதிலீன் நீலக் கரைசலை எடுத்தோம். முதலாவதில் தூளிட்டு வெயிலில் வைத்தோம். இரண்டாவதில் தூளிட்டு அலுமாரிக்குள் பூட்டினோம். மூன்றாவதைத் தூளின்றி வெயிலில் வைத்தோம். பகல் இடைவேளையின்போது முதற்போத்தல் ஏறத்தாழத் தெளிந்திருந்தது. மூன்றாவது சற்றே வெளுத்திருந்தது. இருட்டில் இருந்த போத்தலிலும் நிறம் குறைந்திருந்ததுதான் எங்களுக்கு வியப்பு. அடியில் படிந்த தூளைப் பார்க்கச் சொன்னார் ஆசிரியை. இருட்டுப் போத்தலின் தூள் நீலமாயிருந்தது. வெயில் போத்தலின் தூள் வெள்ளையாயிருந்தது. ஒன்றில் சாயம் தூளில் ஒட்டி ஒளிந்திருந்தது. மற்றதில் உடைந்து போயிருந்தது. நிறம் மறைவது வேறு, சாயம் அழிவது வேறு என்பதை அன்று கண்ணாரக் கண்டோம்.

அப்படியானால் உம்மாவின் வாளியில் இத்தூளைப் போட்டால் போதுமா? போதாது. தைத்தேனியம் ஈரொட்சைட்டைத் தூண்டும் கழியூதாக் கதிர் சூரிய ஒளியில் நூற்றுக்கு 5 பங்கு அளவே உண்டு. செறிந்த சாயம் அந்த ஒளியையும் உள்ளே விடாது. நுண்ணிய தூளை நீரிலிருந்து மீட்பதும் கடினம். எல்லாவற்றுக்கும் மேலாக, சாயம் பிடிக்கச் சேர்க்கும் உப்பு அப்படியே நீரில் நிற்கும்.

உப்பு என்ன செய்யும் என்பதற்குத் தமிழ்நாட்டின் திருப்பூர் சாட்சி. அங்குள்ள சாயப்பட்டறைகளின் கழிவு நொய்யல் ஆற்றைக் கெடுத்தது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை உப்புக் கழிவு தேங்கும் இடமாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. விவசாயி நிலத்தை இழந்தார்; தொழிலாளி வேலையை இழந்தார்.

அன்புச் சகோதரிகளே, தைத்தேனியம் அடங்கிய இல்மனைற்று மணல் நம் நாட்டுப் புல்மோட்டைக் கரையிலேயே கிடைக்கிறது. ஒளியையும் குறைகடத்திகளையும் பற்றிப் பேராசிரியர் கீர்த்தி தென்னக்கோன் போன்றோர் ஆராய்ந்த நிறுவனம் நம் கண்டி ஹந்தானையில் இருக்கிறது. கட்புலனாகும் ஒளியிலும் இயங்கும் ஊக்கி, கண்ணாடியில் பூசி மீண்டும் மீண்டும் பாவிக்கக்கூடிய ஊக்கி என ஆராய இன்னும் எவ்வளவோ உண்டு. அவற்றை நம்மில் ஒருத்தி ஏன் செய்யக்கூடாது?

அதுவரை எங்கள் வீட்டில் ஒரு சிறு மாற்றம். கைக்கணக்கில் போட்ட சாயத்தையும் உப்பையும் இப்போது தராசில் நிறுத்தே கரைக்கிறோம். எஞ்சிய சாயத்தில் அடுத்த துணியின் இளநிறத்தைப் போடுகிறார் உம்மா. கானுக்குப் போகும் வாளிகள் குறைந்திருக்கின்றன. சாயப் பொடி வாங்கும் செலவும் குறைந்திருப்பதாக உம்மா சொல்கிறார்.