கம்ப்யூட்டர் இரைகிறதா? முதலில் காது, பிறகு கை



சென்ற மாதம் அம்பத்தூர் மாணவர் ஒருவர் வந்தார். ரிச்சி தெருவில் பாகங்கள் வாங்கி, தானே பூட்டிய கம்ப்யூட்டர் அவருடையது. "எஸ்.எம்.பி.எஸ். கத்துது மாமா, கழற்றி எண்ணெய் விடப்போறேன்" என்றார். தடுத்து நிறுத்திச் சோதித்துப் பார்த்தோம். கத்தியது எஸ்.எம்.பி.எஸ். அல்ல, கேபினெட் விசிறி!

எனவே, முதலில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அறிய வேண்டும்.

1. தடித்த காகிதத்தைக் குழலாகச் சுருட்டிக் காதில் வைத்து, பின்பக்கம், பக்கவாட்டு, முன்பக்கம் என ஒவ்வோர் இடமாகக் கேளுங்கள்.

2. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பக்கத் தகட்டைத் திறந்து கேபினெட் விசிறியின் வயரை மட்டும் கழற்றுங்கள். மீண்டும் போட்டுப் பாருங்கள். சத்தம் நின்றால் குற்றவாளி அதுவே. பிராசஸர் விசிறியைக் கழற்றி ஓட்டாதீர்கள், பிராசஸர் சூடேறிவிடும்.

3. சத்தத்தின் தன்மையைக் கவனியுங்கள். போட்டவுடன் கரகரத்துச் சற்று நேரத்தில் அடங்கினால், பேரிங்கில் எண்ணெய் வற்றியிருக்கலாம். 'டக் டக்' என்றால் இறக்கையில் வயர் உரசலாம். அந்த 'டக் டக்' ஹார்டு டிஸ்கிலிருந்து வந்தால், உடனே பாடங்களையும் படங்களையும் வேறிடத்தில் பிரதி எடுங்கள்.

4. எஸ்.எம்.பி.எஸ். பின்புறம் உள்ளங்கையைக் காட்டுங்கள். காற்றே வராமல் பெட்டி கொதித்தால் உடனே நிறுத்துங்கள். விலை கூடிய சில மாடல்களில் வேலை குறைவாக இருக்கும்போது விசிறி நிற்பது இயல்பு.

தூசிதான் காரணமென்றால், பிளக்கைப் பிடுங்கிய பின் வெளியிலிருந்தே பிளோயரால் ஊதுங்கள். கேபினெட் விசிறியை ஊதும்போது அது சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் வீட்டில் யாரும் திறக்க வேண்டாம். விசிறிக்குப் போவது 12 வோல்ட்தான். ஆனால் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கும் மேல் தேங்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சிறிது நேரம் நிற்கும். தொட்டால் உயிருக்கே ஆபத்து. திறந்தால் வாரண்டியும் போய்விடும். பில்லைத் தேடி எடுத்து, வாங்கிய கடைக்கே கொண்டு செல்லுங்கள்.

அந்த மாணவர் ஒரு கேபினெட் விசிறியை மட்டும் மாற்றினார். புது எஸ்.எம்.பி.எஸ். வாங்கும் செலவு மிச்சம். அதைவிடப் பெரிது, பெட்டிக்குள் போகவிருந்த கை தப்பியது. அல்ஹம்துலில்லாஹ்.