"ட்ரிப்பை கேன்சல் பண்ணிடுங்க" என்றால் என்ன செய்வீங்க?

செவிலிமேட்டில் இருந்து காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு கைப்பேசியில் ஆட்டோ பதிவு செய்கிறீர்கள். கையில் பட்டுச் சேலைக் கட்டு. வண்டி வந்து நின்றதும் ஓட்டுநர் சொல்கிறார்: "அக்கா, ட்ரிப்பை கேன்சல் பண்ணிடுங்க. பத்து ரூபா குறைச்சே கொடுங்க, நானே கொண்டு விடுறேன்." சரின்னு ஏறிடலாமா?

வேண்டாம். கேன்சல் செய்த பிறகு செயலியைப் பொறுத்தவரை அந்தப் பயணமே நடக்கவில்லை. எந்த வழியில் போனீர்கள், எங்கே இறங்கினீர்கள் என்ற பதிவு இருக்காது. வீட்டுக்கு நேரலை லொகேஷன் அனுப்பும் வசதியும், செயலியில் உள்ள அவசர பட்டனும் அந்தப் பயணத்துக்குக் கிடைக்காது. 2014 டிசம்பரில் டெல்லியில், செயலி வழியே அழைத்த காரில் ஒரு பெண்ணுக்கு நேர்ந்த கொடுமைக்குப் பிறகுதான் இந்த பட்டன்கள் பரவலாக வந்தன. பத்து ரூபாய்க்காக அதை விட்டுக்கொடுக்கலாமா? கமிஷன் பிடிப்பது பற்றி ஓட்டுநருக்கு இருக்கும் வருத்தம் நியாயமானதாகவே இருக்கலாம். அது வேறு பேச்சு. "ட்ரிப்லயே போகலாம் அண்ணா, காசு கையிலயே தர்றேன்" என்று சொல்லிப் பாருங்கள். ஒத்துவரலைன்னா வேறு வண்டி.

ஏறும் முன் நம்பர் பிளேட்டையும் ஓட்டுநர் படத்தையும் செயலியோடு ஒப்பிடுங்கள். இரண்டும் சரியாக இருந்தால் மட்டும் ஓடிபி சொல்லுங்கள். "அது தம்பி வண்டி, இன்னைக்கு இதுல வந்தேன்" என்றால் ஏறாதீர்கள். வண்டி எண்ணை எம்பரிவாகன் செயலியில் போட்டால் அதன் பதிவு விவரம் தெரியும். காரில் பின் சீட்டிலும் பெல்ட் போடணும். பைக் டாக்சி என்றால் பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம்.

நம்ம பக்கத்து மரியாதையும் இருக்கு. நெசவாளர் தெருக்களில் மேப் புள்ளி சில நேரம் அடுத்த சந்தில் போய் நிற்கும். "சாலைக் கிணறு பக்கம்", "வந்தவாசி ரோட்டுல, பாலாற்றுப் பாலத்துக்கு முன்னாடி" என்று அடையாளம் எழுதிவிட்டால் ஓட்டுநர் நாலு தடவை போன் செய்ய வேண்டியிருக்காது. வண்டியை வரச் சொல்லிவிட்டு சேலை மடிக்க உட்காரக் கூடாது. ஒன்றிய அரசின் வழிகாட்டுதல்களில், தக்க காரணமின்றி ரத்து செய்தால் கட்டணத்தில் 10 சதவீதம், அதிகபட்சம் 100 ரூபாய் அபராதம் என்று உள்ளது. பயணிக்கும் ஓட்டுநருக்கும் அது ஒன்றுதான். ஏசி, பாட்டுச் சத்தம், வேகம் எதுவானாலும் அமைதியாகக் கேளுங்கள். வேகத்தைக் குறைக்கச் சொல்ல மட்டும் தயங்கவே வேண்டாம்.

வழி மாறுவதுபோல் தோன்றினால் முதலில் கேளுங்கள்; பாதை அடைத்திருக்கலாம். பதில் சரியில்லை என்றால் 112-ஐ அழையுங்கள். பெண்களுக்கு 181 உதவி எண்ணும் உண்டு. தமிழ்நாடு காவல்துறை 2022-ல் வெளியிட்ட 'காவல் உதவி' செயலியில் உள்ள சிவப்பு பட்டனை அழுத்தினால் உங்கள் இருப்பிடம் காவல் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும். இன்றே பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள், ஓடும் வண்டியில் பதிவிறக்க முடியாது.

சேலைக் கட்டை சீட்டிலேயே மறந்துட்டீங்களா? செயலியில் பழைய பயணங்கள் பகுதிக்குப் போய் அங்கிருந்தே புகார் கொடுங்கள். கூகுளில் 'கஸ்டமர் கேர்' என்று தேடி வரும் எண்ணை நம்பாதீர்கள். மோசடிக்காரர்கள் அங்கேயும் எண் போட்டு வைக்கிறார்கள். அப்படிப் பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.