கட்டியா, காசா, கொலுசா?

வெள்ளி வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, “இன்று கிலோ என்ன விலை?” என்றுதான். அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: பணம் தேவைப்படும் நாளில் இதை எப்படிப் பணமாக்கப் போகிறோம்?

எந்த வடிவத்தில் வாங்கினாலும் விலை இறங்கும் அபாயம் ஒன்றுதான். 1980 ஜனவரியில் அமெரிக்கக் கோடீஸ்வரர்களான ஹண்ட் சகோதரர்கள் வாங்கிக் குவித்ததில் வெள்ளி அவுன்ஸ் 50 டாலரை நெருங்கியது; மார்ச் இறுதிக்குள் 11 டாலருக்கும் கீழே விழுந்தது. 2011-இல் மறுபடி 50 டாலர் அருகே போய்ச் சறுக்கியது. அந்த உச்சத்தைத் தாண்ட 2025 அக்டோபர் வரை ஆனது. டாலருக்கு எதிராக ரூபாய் தேய்ந்துகொண்டே வந்ததால் நமக்கு அடி அவ்வளவு பலமாகத் தெரியவில்லை. என்றாலும் இறக்கம் இறக்கம்தான்; பிள்ளையின் அடுத்த வருடக் கல்லூரிக் கட்டணத்தை வெள்ளியில் போடாதீர்கள்.

கட்டி

எடைக்கு எடை மிகக் குறைந்த செலவில் கிடைப்பது 999 தரக் கட்டி. 3% ஜிஎஸ்டி மட்டும் திரும்பி வராது. கிலோ 1 லட்சம் என்று வைத்துக்கொண்டால் 1,03,000 கொடுத்து வாங்குகிறீர்கள்; விற்கும்போது வரியில்லாத விலையிலிருந்தும் கடைக்காரர் கொஞ்சம் கழிப்பார். சிரமம் இரண்டு. தேவைக்குத் தக்கபடி கால் கிலோவை வெட்டி விற்க முடியாது. ரிசர்வ் வங்கியின் 2025 விதிகளின்படி, வங்கியோ நிதி நிறுவனமோ கட்டியை அடகு பிடிக்க முடியாது.

நாணயம்

10 கிராம், 50 கிராம் என்று சேர்க்கலாம், வேண்டிய அளவு மட்டும் விற்கலாம். ஒருவர் 500 கிராம் வரை அடகும் வைக்கலாம். ஆனால் கிராமுக்குக் கட்டியைவிடக் கூடுதல் விலை. லட்சுமி படம், அழகுப் பெட்டி என்று போகப்போக விலை ஏறும். விற்கும்போது அவற்றுக்கு ஒரு பைசா கிடைக்காது.

கொலுசு, குத்துவிளக்கு

இங்கே பார்க்க வேண்டியது ‘டச்’, அதாவது நூற்றுக்கு எத்தனை பங்கு வெள்ளி என்பது. 80 டச் கொலுசு 200 கிராம் என்றால் அதில் வெள்ளி 160 கிராம்தான். செய்கூலியும் சேதாரமும் போனது போனதுதான். ஆனால் நகை, பாத்திரத்தை 10 கிலோ வரை அடகு வைக்க விதி இடம் தருகிறது. அவசரத்தில் விற்காமலே பணம் புரட்டலாம். வீட்டில் புழங்கவும் வேண்டும் என்றால் வாங்குங்கள். முதலீடு என்று கணக்கெழுதாதீர்கள்.

ஈடிஎஃப்

பங்குபோலச் சந்தையில் வாங்கி விற்கும் வெள்ளி நிதி இது. 2022 முதல் இந்தியச் சந்தையில் உண்டு. டீமேட் கணக்கு வேண்டும். ஆண்டுக் கட்டணம் பிடிப்பார்கள். லாக்கர் வேண்டாம், கறுக்காது, சந்தை நேரத்தில் நொடியில் விற்கலாம். 12 மாதம் தாண்டினால் நீண்டகால லாபமாக 12.5% வரி, கையில் உள்ள வெள்ளிக்கு அதே வரிவிகிதம் கிடைக்க 24 மாதம் காத்திருக்க வேண்டும். பொருளாகக் கையில் இருக்க வேண்டும் என்பவர்களுக்கு இது சரிப்படாது.

வாங்கும்முன்

வெள்ளிக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை, கேட்டு வாங்குங்கள். 2025 செப்டம்பர் முதல் ஆறு இலக்க எச்யுஐடி அடையாளக் குறியீடும் வந்திருக்கிறது. பிஐஎஸ் கேர் செயலியில் சரிபார்க்கலாம். திரும்ப எடுக்கும்போது எவ்வளவு கழிப்பார்கள் என்பதைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். இடத்தையும் யோசியுங்கள்: ஒரே தொகைக்குத் தங்கம் கைக்குள் அடங்கும், வெள்ளி லாக்கரையே நிரப்பிவிடும்.

பத்து வருடம் தொடப்போவதில்லை, பத்திரமான லாக்கரும் உண்டு என்றால் கட்டி. மாதாமாதம் சிறுகச் சேர்ப்பவருக்கும் நடுவில் கொஞ்சம் விற்க நேரலாம் என்பவருக்கும் படமில்லாத நாணயம். விலை ஏற்றம் மட்டும் போதும் என்பவருக்கு ஈடிஎஃப். கொலுசு, மகள் காலில் போட்டு அழகு பார்க்க.