பெருக்கி ஏன் பாதியில் நின்றது?

பாலோவில் எங்கள் பாட்டி ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக் கொடுக்கிறார். சென்ற ஆண்டிலிருந்து அவருக்குக் குரல் கம்மிவிட்டது. பின்வரிசைக்குக் கேட்பதில்லை. கேட்காத பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? இடுப்பில் மாட்டிக்கொள்ளும் சிறிய ஒலிபெருக்கி ஒன்று செய்து தருகிறேன் என்று, மின்னியல் படிக்கும் பேரன் என்ற பெருமையில் வாக்குக் கொடுத்துவிட்டேன். அந்த வாக்கு என்னை இரண்டு வாரம் தூங்கவிடவில்லை.

தமிழ்ப்பள்ளியில் மின்சுற்று, மின்கலம் என்று படித்ததை இடைநிலைப்பள்ளியில் மலாயிலும் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்திலும் மீண்டும் படித்தவன் நான். இங்கே வோல்டேஜை மின்னழுத்தம் என்றும் கரண்டை மின்னோட்டம் என்றும் பழைய பெயர்களிலேயே எழுதுகிறேன்.

என் திட்டம் எளிமையானது. ஒலிவாங்கியிலிருந்து வரும் 20 மில்லிவோல்ட்டை 100 மடங்கு பெருக்கினால் 2 வோல்ட். சில்லு எல்எம் 358. மின்சாரம் கைப்பேசிக்கான பவர் பேங்கிலிருந்து 5 வோல்ட். ஒற்றை மின்வழங்கி என்பதால் அலையின் நடுக்கோட்டை 2.5 வோல்ட்டில் வைத்தேன். ஆகவே அலை 0.5 முதல் 4.5 வோல்ட் வரை ஏறி இறங்க வேண்டும். அலைகாட்டியில் பார்த்தால் கீழ்ப்பாதி அழகாக வளைந்திருந்தது. மேல்பாதியோ சுமார் மூன்றரை வோல்ட்டில் கத்தியால் சீவியது போல் தட்டையாக நின்றது.

சில்லு கெட்டுவிட்டது என்று நினைத்தேன். மூன்று சில்லுகளை மாற்றினேன். மூன்றும் ஒரே இடத்தில் நின்றன. கெட்டுப்போன பொருள்கள் இவ்வளவு ஒற்றுமையாகக் கெடுவதில்லை என்பது அப்போதே உறைத்திருக்க வேண்டும். பெருக்கத்தைக் கூட்டிப் பார்த்தேன்; தட்டை இன்னும் அகலமானது.

விடை தரவுத்தாளில் இருந்தது. எந்தப் பெருக்கியும் தனக்குக் கொடுத்த மின்னழுத்தத்திற்கு மேல் தர முடியாது. பெரும்பாலானவை அந்த எல்லை வரைகூடப் போவதில்லை. எல்எம் 358-இன் வெளியீடு கீழே பூச்சியத்தை நெருங்கும். மேலே மின்வழங்கிக்கு ஏறத்தாழ 1.5 வோல்ட் குறைவாகவே நின்றுவிடும். 5-இல் 1.5 போனால் மூன்றரை. கணக்கு அவ்வளவுதான்! புகழ்பெற்ற 741 சில்லு 1968-இல் வந்தது. அது இரு பக்கமும் இடைவெளி விடும். அதை 5 வோல்ட்டில் ஓட்டப் பார்க்கும் நண்பர்கள் இதைக் கவனிக்கவும்.

இரு எல்லைகளையும் கிட்டத்தட்டத் தொடும் எம்சிபி 6002-ஐ மாட்டினேன். கால்கள் அதே வரிசைதான். ஆனால் 9 வோல்ட் மின்கலத்தில் அதைப் போட்டுவிடாதீர்கள். 6 வோல்ட்டுக்கு மேல் அதற்கு ஆகாது. அலை முழுதாக வந்தது. மகிழ்ச்சியோடு 8 ஓம் ஒலிபெருக்கியை இணைத்தேன். அலை சுருண்டு படுத்துவிட்டது.

இது வேறு நோய். 2 வோல்ட்டை 8 ஓமால் வகுத்தால் 250 மில்லியாம்பியர். அந்தச் சில்லால் 20 சொச்சம் மில்லியாம்பியர்தான் தர முடியும். எனவே வெளியீடு குறைந்தால் முதலில் சுமையைக் கழற்றிப் பாருங்கள். கழற்றியதும் அலை நிமிர்ந்தால் குறை மின்னோட்டத்தில். கழற்றியும் தட்டையாகவே இருந்தால் மின்னழுத்த எல்லையில். அலை தட்டையாகாமல் முக்கோணமாக மாறி, அதிர்வெண் கூடக் கூடச் சிறுத்தால் சில்லுக்கு வேகம் போதவில்லை. 741 மைக்ரோவினாடிக்கு அரை வோல்ட்தான் ஏறும். 20 கிலோஹெர்ட்ஸில் உச்சம் 4 வோல்ட்டைத் தாண்டாது.

இன்னொன்று. மல்டிமீட்டரில் 1.41 வோல்ட் காட்டுகிறதே என்று பதறாதீர்கள். 2 வோல்ட் உச்சமுள்ள சைன் அலைக்கு அதுவே சரியான அளவு. மின்வழங்கியையும் மேசையில் அளக்காமல் சில்லின் 8-ஆம், 4-ஆம் கால்களிலேயே அளக்க வேண்டும். பிரெட்போர்டின் தளர்ந்த துளைகள் பல இரவுகளைத் தின்றவை.

கடைசியில் ஒலிபெருக்கியை இயக்க எல்எம் 386-ஐச் சேர்த்தேன். அது தானாகவே 20 மடங்கு பெருக்கும். அப்போதுதான் என் அசட்டுத்தனம் புரிந்தது. முன்நிலையில் 2 வோல்ட்டே தேவையில்லை! 3 மடங்கு போதும்: 20 மில்லிவோல்ட் 60 ஆகி, 386-இல் 1.2 வோல்ட் ஆகிவிடும். எந்த 2 வோல்ட்டுக்காகச் சில்லுகளை மாற்றினேனோ, அது யாரும் கேட்காத 2 வோல்ட். கழற்றிப் போட்ட எல்எம் 358 மீண்டும் தன் இடத்துக்கு வந்தது.

விடுமுறையில் பெட்டியை எடுத்துப் போனேன். ஒலிவாங்கியை ஒலிபெருக்கிக்கு அருகில் கொண்டுபோனால் கீச்சிடுகிறது. அதை இன்னும் சரிசெய்யவில்லை. பாட்டி இரண்டு அடி பாடிவிட்டுப் பின்வரிசையைப் பார்த்து, "இப்ப கேக்குதா?" என்றார். "கேக்குது பாட்டி" என்ற பிள்ளைகளின் முகத்தில் அவ்வளவாக மகிழ்ச்சி இல்லை.