முதலில் ஒரு குல்லா

அன்புள்ள தங்கைக்கு,

கே.கே. நகரில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னினால் கேலி வரத்தான் செய்யும். சித்திரை வெயிலில் மடி நிறையக் கம்பளி நூல் வைத்திருப்பவளைப் பார்த்து யார்தான் சிரிக்கமாட்டார்கள்? கைசிக ஏகாதசியன்று ஸ்ரீரங்கத்து நம்பெருமாளுக்கு 365 வஸ்திரம் சாற்றுகிறார்களே, பெருமாளுக்கு மட்டும்தான் குளிருமா என்று கேட்டுவிடு. அதற்கு மேல் வாதாடாதே. நாம் பின்னுவதில் பாதி விமானம் ஏறிப் போகிறது என்பது அவர்களுக்கும் தெரியும்.

இதுவரை இரண்டு நேர் ஊசியில் முன்பக்கம், பின்பக்கம், கை என்று துண்டு துண்டாகப் பின்னித் தைத்தாய். இப்போது வட்ட ஊசியில், தையலே இல்லாமல் முழு ஸ்வெட்டரையும் பின்ன ஆசை வந்திருக்கிறது. தாராளமாகச் செய். ஆனால் பழைய மாதிரித் துண்டின் கணக்கை இதற்கு நம்பாதே. நேர் ஊசியில் ஒரு வரிசை பிளெய்ன், அடுத்தது பர்ல். வட்டத்தில் திருப்பிப் பிடிக்கும் வேலை இல்லை, எல்லாமே பிளெய்ன். பலருக்குப் பர்ல் வரிசை சற்றுத் தளர்ந்துதான் விழும். அது இல்லாதபோது பின்னல் இறுகிவிடும். நான்கு அங்குலத்துக்கு 20 கண்ணி என்றால் 200 கண்ணிக்கு மார்புச் சுற்று 40 அங்குலம். அதுவே 22 ஆகிவிட்டால் 36 அங்குலத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அப்பாவுக்கென்று ஆரம்பித்தது தம்பிக்குப் போய்ச் சேரும்.

இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய எலிசபெத் ஸிம்மர்மன், மாதிரிக்கு ஒரு குல்லாவையே பின்னிப் பார்க்கச் சொன்னவர். 1971இல் ‘நிட்டிங் வித்தவுட் டியர்ஸ்’ எழுதியவர். உடம்புச் சுற்றின் கண்ணிகளை நூறு என்று வைத்துக்கொண்டு மற்ற அளவையெல்லாம் சதவீதத்தில் சொல்வது அவர் வழக்கம்: மணிக்கட்டுக்கு ஏறக்குறைய 20 சதவீதம், அதாவது உன் 200க்கு 40. அச்சிட்ட அளவுத்தாளை விட எனக்கு இந்தக் கணக்கின் மேல்தான் நம்பிக்கை. குல்லாவும் வீணாகாது, மார்கழி விடியலில் ஸ்ரீரங்கம் கிளம்பும் தாத்தா ஒருவர் கிடைக்காமலா போவார்?

பின்னி முடித்த குல்லாவை அலசிக் காயவைத்த பிறகே அள. பருத்தி நூல் கனம். இழுத்தால் கம்பளி போலத் திரும்பிச் சுருங்காது, போடப்போடக் கை நீண்டுகொண்டே போகும். அக்ரிலிக்கில் சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் பின்னல் தொய்ந்துவிடும், மறுபடி எழாது.

பூவேலையும் சேர்க்கப் போகிறாயா? ஆரம்பிக்கும் வரிசையின் கண்ணிகளுக்குள் வேறு நிறத்தில் மெல்லிய நூலைக் கோத்து வை. தப்பிப் போனால் அதுவரைக்கும் பிரித்தால் போதும். ஷெட்லாண்டுக்காரர்கள் குழாய்போலப் பின்னிவிட்டு நடுவே கத்திரிக்கோலால் வெட்டி முன்திறப்பு வைக்கிறார்களே, அது இந்த ஸ்வெட்டரில் வேண்டாம். அவர்களுடைய கம்பளி இழைக்கு இழை பற்றிக்கொள்ளும். உன்னிடம் இருக்கிற அக்ரிலிக் வழுக்கும்.

குல்லா காய்ந்ததும் நான்கு அங்குலத்துக்கு எத்தனை கண்ணி என்று எழுது. கழுத்துக் கணக்கைச் சேர்ந்து போடுவோம்.

அன்புடன்,
அக்கா